பெர்த்தாம் பூவுக்கு யாரு பவுடர் அடிக்கிறா?

போன மாசம் அம்மாவுக்கு ஆமை பாக்கணும்னு ஆசை, இங்க மலேசியாவுல பேராக் பக்கம் செகாரியில ஆமை பாதுகாப்பு நிலையம் ஒண்ணு இருக்குல்ல, அங்க கூட்டிட்டுப் போனோம். தம்பிதான் கார் ஓட்டுனான். பாத்து முடிச்சு, வெயில் இறங்குன நேரம் ஆயர் தாவாருக்குத் திரும்பி வர்ற வழியில, காட்டோரமா ஒரு மேட்டுல தம்பி காரை நிறுத்திட்டு போன் பேசிக்கிட்டு இருந்தான். நானும் அம்மாவும் கொஞ்சம் காத்து வாங்கலாம்னு இறங்கினோம். இறங்கி நாலு எட்டு வைக்கல, அம்மா அப்படியே நின்னுட்டாங்க.

"கள்ளு வாடை அடிக்குதுடி"ன்னாங்க.

எனக்கும் அடிச்சுது. புளிச்ச வாடை, கொஞ்சம் இனிப்பு கலந்து, பழைய கள்ளுப்பானைய கழுவாம வச்சா வருமே அது. அங்க கடையும் இல்ல வீடும் இல்ல, ஒரு தென்னை மரம்கூட கண்ணுக்குத் தெரியல. காடு மட்டும்தான், காட்டு ஓரத்துல முள்ளு முள்ளா பெரிய பெரிய ஓலையோட ஒரு புதர். தோட்டத்துல வளந்தவங்களுக்கு அது புதுசு இல்ல, பெர்த்தாம். சின்ன வயசுல பால்மரக்காட்டுக்கு, அதான் ரப்பர் தோட்டத்துக்கு, மேல இருந்த மலையோரத்துல நிறைய கிடக்கும், அதுக்குள்ள ஆடு பூந்துட்டா ஓட்டிட்டு வர்றவன் கையெல்லாம் ரத்தம்தான். அவ்வளவுதான் எனக்கு அதப்பத்தி தெரியும், இத்தனை வருஷமா அதுல பூ இருக்கும்னுகூட நான் யோசிச்சதில்ல.

ஆனா அன்னிக்கு அது நடுவுல இருந்து ஒரு பூத்தண்டு கிளம்பி நிக்குது, ஆள் உயரத்தவிட எவ்வளவோ மேல, பழுப்பு கலர்ல, கிளை கிளையா. பூன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. மொட்டு ஒவ்வொண்ணும் கட்டை மாதிரி கெட்டியா, நுனி கூரா இருக்கு, சில மொட்டுல ஓரமா நுரை தள்ளியிருக்கு. வாடை அங்க இருந்துதான் வருது.

அம்மா முள்ளு படாம கிட்டப் போய் தாழ்வா இருந்த ஒரு கிளைய எட்டிப் பாத்தாங்க, நல்லா உத்துப் பாத்தாங்க. அப்புறம் என்கிட்ட கேட்டாங்க, "இதுக்கு யாரு பவுடர் அடிக்கிறா?"

இந்தக் கேள்வி ஏன் அம்மா வாயில இருந்து வந்துச்சுன்னு சொல்லணும், இல்லன்னா புரியாது.

அம்மாவுக்கு இப்ப 74. எழுபதுகள்ல தோட்டத்துல பால்மரத்த வெட்டி வெட்டி செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, போட்டுக்கிட்டு வந்த காலம், அம்மா அப்ப செம்பனைப் பூவுக்கு மகரந்தம் போடுற வேலைக்குப் போனாங்க. இந்த வேலை ஒண்ணு இருந்துச்சுன்னே இப்ப இருக்குற பிள்ளைங்களுக்குத் தெரியாது. செம்பனையில ஆம்பளைப் பூக்குலை தனி, பொம்பளைப் பூக்குலை தனி, ஒரே மரத்துலதான் ரெண்டும் வரும், ஆனா மாறி மாறி வரும். அதனால ஒரு மரத்துல பொம்பளைப் பூ தயாரா இருக்கும்போது அதே மரத்துல ஆம்பளைப் பூ இருக்காது, வேற மரத்துல இருந்துதான் தூள் வந்தாகணும். மலேசியாவுல அந்த வேலைய ஒழுங்கா செய்யிற பூச்சி அப்ப இல்ல. ஏன்னா செம்பனையோட சொந்த ஊரு ஆப்பிரிக்கா, மரத்த மட்டும் இங்க கொண்டாந்தாங்க, அதோட இருந்த வண்டு அங்கேயே நின்னுடுச்சு. அந்த வண்டோட வேலைய இங்க செஞ்சது அம்மா மாதிரி பொம்பளைங்கதான். ஆம்பளைப் பூவ வெட்டி காய வச்சு மஞ்சத்தூள சலிச்சு எடுத்து, டால்க் பவுடரோட கலந்து, ஊதுற குழாய்ல போட்டுக்கிட்டு மரம் மரமா போய் பொம்பளைப் பூ விரிஞ்சிருக்கான்னு மட்டைய விலக்கி விலக்கி பாத்து ஊதணும். அந்தப் பூ விரிஞ்சு ரெண்டு மூணு நாள்தான் தாங்கும், விட்டுட்டா போச்சு, குலையில காய் பிடிக்காது. அப்புறம் வேலைய மேய்க்கிற மண்டோர் வந்து அந்தக் குலையக் காட்டி கேப்பாரு. பூவ சுத்தி இருக்குற முள்ளு விரல்ல ஏறி ஒடிஞ்சு நிக்கும், ராத்திரி விளக்கு வெளிச்சத்துல பாட்டி ஊசி வச்சு எடுத்துவிடுவாங்களாம்.

1981-ல கேமரூன்ல இருந்து அந்த வண்ட கொண்டாந்து இங்க விட்டாங்க. அரிசி அளவுகூட இல்லாத கருப்பு வண்டு. ஆம்பளைப் பூவுல சோம்பு வாசனை அடிக்கும், அதுக்கு மயங்கி வந்து அங்கேயே தின்னு, அங்கேயே முட்டை போட்டு, ஆயிரக்கணக்குல பெருகும். பொம்பளைப் பூவும் அதே சோம்பு வாசனைய விடும், வண்டு அங்கயும் சாப்பாடு இருக்குன்னு நினைச்சு உடம்பெல்லாம் தூளோட போகும், ஆனா அங்க அதுக்கு ஒண்ணும் கிடையாது. ஏமாந்து திரும்பும், அதுக்குள்ள பூவுக்கு வேண்டியது கிடைச்சிருக்கும். ரெண்டு மூணு வருஷத்துல நாடு முழுக்க வண்டு பரவிடுச்சு, குலை நல்லா பிடிச்சுது, அம்மா கையில இருந்த குழாய வாங்கிக்கிட்டு புல்லுக்கு மருந்து அடிக்க அனுப்பிட்டாங்க. அந்த மருந்தப்பத்தி இன்னொரு நாள் எழுதணும், அம்மா நெஞ்சு சளி அப்ப இருந்து வந்ததுதான்.

அதான் அம்மாவுக்கு எந்தப் பனைப் பூவப் பாத்தாலும் கண்ணு முதல்ல தேடுறது அதைத்தான். ஆணா பொண்ணா, விரிஞ்சிருக்கா இல்லையா, யாரு தூள் கொண்டாந்து போடுறது. எனக்கு பதில் தெரியல, அது எனக்கு உறுத்துச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரமா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தேடிப் படிச்சேன், படிச்சதத்தான் இங்க எழுதுறேன். ஒவ்வொரு ராத்திரியும் அம்மாவுக்கு கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக்கிட்டும் வந்தேன்.

முதல்ல, பெர்த்தாம் ஒரு பனை. யூகைசோனா டிரிஸ்டிஸ்னு அறிவியல் பேரு. தீபகற்ப மலேசியாவுலயும் தாய்லாந்து தெக்குப் பக்கமும்தான் இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கிடையாது. டிரிஸ்டிஸ்னா லத்தீன்ல சோகமானதுன்னு அர்த்தம். பிரம்பு, சாலாக் பழம் காய்க்கிறது, ரும்பியா சவ்வரிசிப் பனை எல்லாம் இதுக்கு சொந்தக்காரங்க, அந்தக் குடும்பத்துக்கே பழத்து மேல பாம்புத் தோல் மாதிரி செதில் இருக்கும், பெர்த்தாம் காயிலயும் அப்படித்தான். செபராங் பிறையில பெர்த்தாம்னு ஒரு ஊரே இருக்கு, வடக்க போறவங்க போர்டுல பாத்திருப்பீங்க.

பனைன்னா மரமா நிக்கும்னு நினைப்போம், இது நிக்காது. தண்டு மண்ணுக்குள்ளயே இருந்துடும், ஓலை மட்டும் தரையில இருந்து நேரா மேல கிளம்பும், ஒவ்வொரு ஓலையும் பல மீட்டர் நீளம். ஏன் இப்படின்னா, அது வாழ்ற இடம் அப்படி. பெரிய காட்டுக்குள்ள தரைக்கு வந்து சேர்ற வெளிச்சம் நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான், மிச்சத்த மேல இருக்குற மெராந்தி மாதிரி மரங்க வாங்கிக்கும். அவ்வளவு கொஞ்ச வெளிச்சத்துல மரம் மாதிரி ஒரு அடிமரத்த கட்டி எழுப்ப எங்க காசு இருக்கு? அதனால இது கட்டைக்கு செலவு பண்ணல, எல்லாத்தையும் ஓலையிலயே போட்டுடுச்சு. எட்டுற வெளிச்சத்த பெரிய ஓலையால வாரி வாங்கிக்குது, அந்த ஓலைய எதுவும் வந்து மேஞ்சிடாம மட்டை பூரா முள்ளு. மலை மேட்டுல மரம் வெட்டி வெளிச்சம் விழுந்துட்டா போதும், கூட்டம் கூட்டமா பெருகி அந்த இடத்தையே எடுத்துக்கும், அதுக்குக் கீழ வேற கன்னு எழும்ப முடியாது. காட்டு இலாகாக்காரங்களுக்கு இது மேல கோபம் வர்றதுக்கு காரணம் இதுதான். ஆனா வெட்டுனது பெர்த்தாம் இல்லையே, மனுஷன்தானே வெட்டுனான். அத நினைச்சா எனக்கு அது மேல கோபம் வரல.

இங்க இருக்குற பழங்குடி ஓராங் அஸ்லி மக்கள் இதோட ஓலையில கூரை போடுவாங்க, ஊதுகுழல்ல போடுற அம்பு செய்யிறதும் பெர்த்தாம் மட்டையிலதான். பழைய கம்போங் வீட்டுல சுவருக்கும் இதோட மட்டைய பொளந்து பின்னி அடிச்சிருக்காங்க. எங்க பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர்கிட்ட கேட்டேன், அவரு சின்னப் பையனா இருக்கும்போது வீட்டுச் சுவரு அதுதானாம், மழைக்காலத்துல உள்ள கதகதன்னு இருக்கும்னு சொன்னாரு. பூ வாடையப்பத்தி கேட்டதும் சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனாரு, அவருக்கும் தெரிஞ்ச வாடைதான்.

இப்ப அம்மா கேள்விக்கு வர்றேன்.

செகாரி மெலிந்தாங் காடு, நாங்க காரை நிறுத்துன இடத்துக்கு ரொம்ப பக்கம். அங்க ஜெர்மன்காரர் ஒருத்தர், ஃபிராங்க் வீன்ஸ்னு பேரு, தேவாங்கப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்தாரு. தேவாங்கு பின்னாடியே ராத்திரி ராத்திரியா அலைஞ்சா, அது திரும்பத் திரும்ப இந்த பெர்த்தாம் பூவுக்குத்தான் போகுது. அதுல இருந்து பிடிச்சு அவரும் அவரு கூட்டாளிங்களும் இந்தப் பூவையே ஆராய ஆரம்பிச்சு, 2008-ல எழுதி வெளியிட்டாங்க. பூவுல ஊறுற தேன்ல சாராயச் சத்து இருக்கு. அளந்து பாத்ததுல அதிகபட்சம் 3.8 விழுக்காடு, ஒரு லைட் பீர் அளவுக்கு கிட்ட வந்துடுச்சு. சராசரின்னு பாத்தா 0.6தான், ஆனாலும் இயற்கையில கிடைக்கிற சாப்பாட்டுல இவ்வளவு இருக்குறது ரொம்ப அபூர்வம்.

எப்படி வருதுன்னா கள்ளு எப்படி வருதோ அப்படியேதான். தென்னம்பாளைய சீவி சொட்டவிட்டா பதநீர் வரும், காத்துல இருக்குற, பானையில இருக்குற ஈஸ்ட் அதுல விழுந்து சர்க்கரையத் தின்னு சாராயமா மாத்தும், நுரை வரும். பெர்த்தாம்ல பானை வேற வேண்டாம், மொட்டேதான் பானை. அந்தக் கட்டை மாதிரி மொட்டுக்குள்ள தேன் ஊறி நிக்கும், அதுக்குள்ளயே ஈஸ்ட் குடியிருந்து புளிக்க வைக்குது. அந்த ஈஸ்ட்லயும் சில இனம் அதுவரைக்கும் உலகத்துல யாருமே பேர் வைக்காதது. அதோட மத்த பூ மாதிரி ஒரு நாள் விரிஞ்சு மூடுற கதை இல்ல, ஒரு பூத்தண்டுல தேன் ஒரு மாசத்துக்கு மேல ஊறிக்கிட்டே இருக்கும். ஒரு புதர் முடிச்சா இன்னொரு புதர் தொடங்கியிருக்கும். வாடை காத்துல போய் சொல்லும், எங்க கடை திறந்திருக்குன்னு.

வர்றது பூச்சி மட்டும் இல்ல, ஏழு வகை பாலூட்டி வருது. தேவாங்கு, எலி, நம்ம வீட்டுக் கூரையில ஓடுமே அந்த துப்பாய் அணில், பகல்ல வர்ற மர மூஞ்சூறு, எல்லாத்துக்கும் மேல இறகுவால் மர மூஞ்சூறு. இந்தக் கடைசி ஆளப்பத்தி எவ்வளவு எழுதினாலும் எனக்கு பத்தாது. உடம்பு உள்ளங்கையில அடங்கிடும், எடை 50 கிராம்கூட வராது, வால் நீளமா மொட்டையா போய் நுனியில மட்டும் ரெண்டு பக்கமும் வெள்ளை முடி, பாத்தா பேனா செய்யிற இறகு மாதிரியே இருக்கும். மர மூஞ்சூறு இனத்துலயே ராத்திரி நடமாடுறது இது ஒண்ணுதான். கிளை கிளையா ஏறி ஒவ்வொரு மொட்டா நக்கி நக்கி குடிக்கும், சராசரியா ஒரு ராத்திரிக்கு 138 நிமிஷம் அந்தப் பூவுலயே இருக்குமாம். நக்கும்போது மூஞ்சி பூரா தூள் ஒட்டும், அடுத்த புதருக்கு அதோடயே போகும். அம்மா, இவங்கதான் பவுடர் அடிக்கிறவங்க.

அம்மா அதக் கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாங்க, "அதுக்கு போதை ஏறாதா?"

ஏறல. அதுதான் இதுல எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது. அது குடிக்கிற கணக்க உடம்பு எடைக்குப் பாத்தா மனுஷனுக்கு பல நாள் நல்லா போதை ஏறியிருக்கணும். ஆனா அது தடுமாறல, கிளையில இருந்து விழல, நேரா நடந்து வீடு போய் சேருது. தடுமாறுனா அதுக்கு உயிர் போயிடும், காட்டுல ஆந்தையும் பாம்பும் அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு. அதோட முடிய எடுத்து சோதிச்சாங்க, சாராயம் உடம்புக்குள்ள உடைஞ்சு மாறுன ஒரு பொருள் முடியில தங்கும், அது எக்கச்சக்கமா இருந்துச்சு, அதே அளவு குடிக்கிற மனுஷங்க முடியில இருக்குறதவிட அதிகம். அப்ப குடிச்சது நெசம். குடிச்சத உடம்பு வேற வழியில மாத்தி ஒதுக்குது போல, அப்படித்தான் அவங்க யோசிக்கிறாங்க. எத்தனையோ தலைமுறையா பூவும் இதுவும் ஒண்ணா வாழ்ந்து வந்த பழக்கம்.

இத எழுதும்போது தாத்தாவ நினைக்காம இருக்க முடியல. அம்மாவோட அப்பா. நான் பாத்ததில்ல, அம்மாவுக்குப் பதினோரு வயசு இருக்கும்போதே போயிட்டாரு. தோட்டத்துல கள்ளுக்கடை, தொழிலாளிங்க வரிசை வீடுங்க இருந்த லயத்துல இருந்து நடந்து போற தூரம்தான், சம்பள நாள் சாயங்காலம் ஆம்பளைங்க வரிசையா அங்க நிப்பாங்க, பாட்டி என் அம்மாவ அனுப்பி அப்பா கையில மிச்சம் இருக்குறத வாங்கிட்டு வரச் சொல்லுவாங்களாம், பல நாள் வெறுங்கையோட திரும்பி வந்திருக்காங்க. எங்க குடும்பத்து கதை மட்டும் இல்ல இது. 1941-ல கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணப்போ அவங்க வச்ச கோரிக்கையில கள்ளுக்கடைய மூடணும்னும் ஒண்ணு இருந்துச்சு. போர் முடிஞ்ச பிறகு 1946-ல கெடாவுல தொண்டர் படை கிளம்பி தோட்டம் தோட்டமா கள்ளுக்கு எதிரா நின்னாங்க. கூலிய ஒரு கையில குடுத்து இன்னொரு கையில கள்ளா திருப்பி வாங்கிக்கிட்டத அவங்க பாத்திருந்தாங்க.

பெர்த்தாமும் கள்ளத்தான் கூலியா குடுக்குது. ஆனா அது குடுக்குறது வேலைக்கு வர்றவங்க உடம்பு தாங்குற கள்ளு, அதுலயே சர்க்கரையும் இருக்கு, அது அவங்களுக்கு சாப்பாடு. வாங்கிட்டுப் போறவன் மறுநாளும் வேலைக்கு வரணும், தூள் சுமக்கணும், அவன் விழுந்துட்டா பூவுக்குத்தான் நஷ்டம். அம்மாகிட்ட இதச் சொன்னப்போ, "அந்தப் பனைக்கு இருந்த புத்தி அன்னிக்கு இருந்தவங்களுக்கு இல்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. பனைக்கு புத்தி இல்லதான், ஆனா நான் திருத்தல.

போன ஞாயித்துக்கிழமை திரும்பவும் அங்க போனோம், அம்மாதான் போகணும்னு சொன்னாங்க. ஆறு மணி இருக்கும். பூத்தண்டுல ஒரு துப்பாய் உக்காந்திருந்துச்சு, எங்களப் பாத்தும் உடனே ஓடல, ரெண்டு மொட்டு நக்கிட்டுத்தான் போச்சு. மூஞ்சூறு வர்ற நேரம் வரைக்கும் இருக்கணும்னு ஆசைதான், ஆனா இருட்டுனதும் கொசு தாங்கல, அம்மாவுக்கு இருமலும் வந்துடுச்சு. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ள நினைச்ச மாதிரி நுழைய முடியாது, காட்டு இலாகாவுல அனுமதி வாங்கணும். தம்பி கேட்டுப் பாக்குறேன்னு சொல்லியிருக்கான்.

கிளம்புறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட இன்னொண்ணும் சொன்னேன். பெர்த்தாம்ல ஒரு தண்டு வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் பூக்கும், காய் முத்தி விழுந்ததும் அந்தத் தண்டு செத்துடும், ஆனா புதர் சாகாது, பக்கத்துல இருந்து கன்னு வந்துகிட்டே இருக்கும். அம்மா டார்ச் லைட்ட வாங்கி, முள்ளு மட்டைய ஒரு குச்சியால ஒதுக்கி, அடியில குனிஞ்சு எண்ணிப் பாத்தாங்க.

"அஞ்சு இருக்கு"ன்னாங்க. அப்புறம் திரும்பவும் ஒருவாட்டி எண்ணி, "இல்ல, ஆறு"ன்னாங்க.